படத்துக்குப் பின்னால் பேர் எழுதுங்க

(தலைப்பு: 'நினைவுகளைக் காப்பாற்றுவது மனமா? படமா?' – 'படமே' என்ற அணியில், வேப்பம்பட்டைச் சேர்ந்த புகைப்படக்காரர் பேசியது.)



எனக்கு ஊர் வேப்பம்பட்டு. சென்னையிலேர்ந்து அரக்கோணம் போற எலெக்ட்ரிக் டிரெயின்ல ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டினா எங்க ஸ்டேஷன். திருவள்ளூர் போறவங்க ஜன்னல் வழியா பார்த்துட்டுப் போற ஊர். அங்கே நான் ஸ்டுடியோ வச்சிருக்கேன். நான் பேச்சாளன் இல்லீங்க. ஆளை உட்கார வச்சு, "கொஞ்சம் சிரிங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க"ன்னு சொல்றதோட என் பேச்சு முடிஞ்சு போயிடும். அதனால ஏதாவது தப்பா பேசினா, ஃபோகஸ் போயிடுச்சுன்னு நினைச்சு மன்னிச்சுக்கங்க. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எதிரணியில கடைசியாப் பேசின சகோதரி ஒரு பெரிய கல்லைத் தூக்கி எங்க தலையில போட்டாங்க. "பூசலார் நாயனார் மனசிலேயே கோயில் கட்டினாரே, அவர் கேமராவா வச்சிருந்தார்?"னு கேட்டாங்க. நீங்களே கைதட்டினீங்க, நான் பார்த்தேன்.

நடுவர்: கேமராக்காரர் இல்லையா, எல்லாத்தையும் பார்த்துடறார். (சிரிப்பு)

அம்மா, பூசலார் எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா? திருநின்றவூர். எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன். எங்க பக்கத்து ஊர்க்காரரை வச்சே என்னை அடிக்கப் பாக்கறீங்க! (கைதட்டல்) கையில காசில்லாத பூசலார், அஸ்திவாரத்துலேர்ந்து விமானம் வரைக்கும் மனசாலேயே கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சார். அதே நாளை காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா, தான் கட்டின கற்கோயிலுக்குக் குறிச்சார். சாமி ராஜாவோட கனவில் வந்து, "அன்னைக்கு எனக்குப் பூசலார் கோயில்ல வேலை இருக்கு, நீ வேற நாள் பாரு"ன்னு சொல்லிட்டார். ராஜா திருநின்றவூருக்கு ஓடி வந்து, கோயில் எங்கேன்னு தேடினா, ஊர்ல யாருக்கும் தெரியலை. அவ்வளவு பெரிய கோயில், அக்கம்பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியலை!

நான் கேட்கிறேன். மனசுல கட்டின அந்தக் கோயிலை இன்னைக்கு நீங்களும் நானும் எப்படித் தெரிஞ்சுக்கிட்டோம்? சாமி கனவில் போய்ச் சொன்னார். ராஜா வந்து ஊருக்குச் சொன்னார். சேக்கிழார் பெரியபுராணத்துல எழுதி வச்சார். அதுக்கும் அப்புறம் ஊர்க்காரங்களே 'இருதயாலீஸ்வரர்' கோயில்னு கல்லுல ஒண்ணு எழுப்பி, கருவறையிலேயே பூசலாருக்கும் சிலை வச்சாங்க. மனசுல மட்டும் விட்டிருந்தா அது பூசலாரோடயே போயிருக்கும். அவருக்காகச் சாமி கனவில் போய்ச் சொன்னார். உங்க பாட்டிக்காக, என் தாத்தாவுக்காக எந்தச் சாமி எந்த ராஜா கனவில் போகும்? நமக்கெல்லாம் ஒரு போஸ்ட் கார்டு சைஸ் பிரிண்ட்தான் கதி. (பலத்த கைதட்டல்)

சரி, என் தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன். யாஷிகா பெட்டி கேமராவுல ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்ங்கிற காலத்துல தொழில் கத்துக்கிட்டவன் நான். பன்னிரண்டுதான். அதனால ஒவ்வொண்ணையும் யோசிச்சுத்தான் அமுக்குவோம். டார்க் ரூம்ல சிவப்பு லைட்டுல, தட்டுல இருக்கற டெவலப்பர்ல பேப்பரைப் போட்டு ஆட்டினா, வெள்ளைப் பேப்பர்ல முதல்ல தலைமுடி வரும், அப்புறம் கண்ணு வரும், அப்புறம் முகம். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்கு அலுக்கலை. இப்போ அதெல்லாம் இல்லை. ஹைப்போ வாசனை போய், கம்ப்யூட்டர் காத்தாடி சத்தம் வந்தாச்சு.

எங்க பக்கம் ஃபேக்டரிகள் நிறைய. இந்தப் பக்கம் திருவள்ளூர், அம்பத்தூர், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். பீகார், ஒடிசாவுலேர்ந்து வேலைக்கு வந்த பையங்க கேட் பாஸுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருவாங்க. எட்டு காப்பி எடுத்தா, ஏழு காண்ட்ராக்டர் ஆபீசுக்கு. எட்டாவதை ஒருத்தன் பர்ஸுக்குள்ள வச்சான். "எதுக்குப்பா?"ன்னு கேட்டேன். அரைகுறைத் தமிழ்ல சொன்னான், "அம்மாவுக்கு. போன்ல பார்த்தா அழுது. கையில பிடிச்சா சும்மா இருக்கும்." இதுக்கு மேல இந்தத் தலைப்புல நான் என்ன பேசறது?

நடுவர்: அதுக்காக உட்கார்ந்துடாதீங்க, இன்னும் நேரம் இருக்கு. (சிரிப்பு)

சரிங்க ஐயா. வருஷத்துக்கு ஒரு வாரம், கல்யாண முகூர்த்தம் இல்லாத மாசமாப் பார்த்து, கடையை மூடிட்டு நான் கிளம்பிடுவேன். என் வீட்டுக்காரம்மா, "எல்லாரும் ஊட்டி கொடைக்கானல் போறாங்க, இந்த மனுஷன் இடிஞ்ச சுவரைத் தேடிப் போறார்"னு தலையில அடிச்சுக்குவாங்க. உண்மைதான். எனக்கு இடிஞ்ச சுவர்னா ஒரு இது. முழுசா இருக்கற கட்டடம் தன்னைப் பத்தி மட்டும் பேசும். இடிஞ்ச கட்டடம் யார் யாரெல்லாம் இருந்தாங்கன்னு சொல்லப் பார்க்கும், பாதியிலேயே நிறுத்திடும்.

தூரமே போக வேண்டாம், எங்க மாவட்டத்துலேயே பழவேற்காடு இருக்கு. டச்சுக்காரங்க 1613-ல் அங்கே கெல்ட்ரியான்னு கோட்டை கட்டினாங்க. நம்ம ஊர் துணியை ஏத்திக்கிட்டுக் கிழக்கே விற்கப் போன கப்பல்கள் நின்ன இடம். இன்னைக்குக் கோட்டைன்னு போனா முள்ளும் புதரும்தான். ஆனா, பக்கத்துல அவங்க கல்லறைத் தோட்டம் நிக்குது. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிலை! உள்ளே பெரிய பெரிய கல்லறைப் பலகைகள்ல பேர், ஊர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் அழகாச் செதுக்கி வச்சிருக்காங்க. டச்சு மொழி எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வருஷத்தைப் படிச்சுக் கணக்குப் போட்டா, ஒண்ணு குழந்தைன்னு தெரியுது, ஒண்ணு சின்ன வயசுப் பெண்ணுன்னு தெரியுது. நானூறு வருஷத்துக்கு முன்னால கட்டின கோட்டை போயிடுச்சு, ஆட்சி போயிடுச்சு. பேர் எழுதின கல்லு நிக்குது. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி இதுக்கு வரேன். பார்த்தீங்களா, நானே 'மனசுல வச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டேன், எதிரணி குறிச்சுக்கறாங்க! (சிரிப்பு)

தனுஷ்கோடிக்குப் போயிருக்கேன். அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போடறதுக்கு முந்தியும் போயிருக்கேன், 2017-க்கு அப்புறம் ரோடு வந்த பிறகும் போயிருக்கேன். முன்னே மணல்ல குலுங்கிக் குலுங்கி வேன்ல போகணும். இப்போ கார்லேர்ந்து இறங்கினா, இடிஞ்ச சர்ச்சு முன்னால வரிசையா நின்னு செல்பி எடுக்கறாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஒரு ஊரே போச்சு. பாம்பன்லேர்ந்து வந்த பாசஞ்சர் ரயில், நூறு பேருக்கு மேல ஏத்திக்கிட்டு வந்தது, ஸ்டேஷனைத் தொடறதுக்கு முன்னாலேயே கடலுக்குள்ள போச்சு. அந்த இடத்துல நின்னுக்கிட்டு ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுக்கற பிள்ளைங்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. வரலைன்னு சொன்னா பொய். அப்போ அங்கே சங்கு விக்கற ஒரு பெரியவர் என் கேமராவைப் பார்த்துட்டு ஒண்ணு கேட்டார். "தம்பி, எல்லாரும் இந்தச் சர்ச்சை எடுக்குறீங்க. இந்தச் சர்ச்சுல கல்யாணம் முடிச்சவுக படம் யாருகிட்டயாவது இருக்கா?"

நான் பதில் சொல்லலை. என்கிட்ட பதில் இல்லை. அறுபது வருஷமா அந்தச் சுவரை லட்சக்கணக்குல படம் எடுத்திருப்போம். அந்த ஊர்ல இருந்த டீக்கடைக்காரர், போஸ்ட்மேன், ஸ்டேஷன்ல கூடை தூக்கின அம்மா, இவங்க முகம்? புயலுக்கு முந்தின தனுஷ்கோடியோட நாலு படத்தை நான் எங்கேயாவது பார்த்தா, பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கிட்டு நிப்பேன்.

எதிரணி இப்போ, "பாழடைஞ்சதைப் படம் எடுத்து என்ன பயன்? அது என்ன எழுந்து நிக்கப்போகுதா?"ன்னு கேக்கலாம். நிக்கும்! உதாரணம் சொல்றேன்.

லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல மதராஸ் அரசாங்கத்துக்குப் போட்டோகிராபரா இருந்தவர். அப்போ ஃபிலிம் ரோல் கிடையாது. மெழுகு பூசின காகிதம்தான் நெகட்டிவ். அதுல மருந்து தடவி, ஆளுயர முக்காலியில பெட்டியை நிறுத்தி, நம்ம வெயில்ல கருந்துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு எடுக்கணும். ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தொழில் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். மாட்டு வண்டி கட்டிக்கிட்டு அவர் 1858-ல் மதுரை, தஞ்சாவூர்னு போனார். மதுரையில திருமலை நாயக்கர் மகாலை எடுத்திருக்கார். நாம இன்னைக்கு ஒலி ஒளிக் காட்சி பார்க்கற மகால் இல்லை அது. கூரை போய், செடி முளைச்சு, விழவா வேண்டாமான்னு நிக்குது. அதுக்கு அப்புறம்தான் கவர்னர் நேப்பியர் காலத்துல பழுது பார்த்தாங்க. எந்த நிலையிலேர்ந்து மீட்டாங்கன்னு அந்தப் படம் இன்னைக்கும் சொல்லுது.

தஞ்சாவூர்ல இன்னும் ஒரு படி மேலே போனார். பெரிய கோயில் விமானத்துக்குக் கீழே அடிவாரம் பூராவும் கல்வெட்டு இருக்கே, அதை வரிசையா எடுத்து, 21 பிரிண்ட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாச் செஞ்சார். இன்னைக்கு நாம செல்போனை இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் திருப்பி 'பனோரமா'ங்கறோமே, அதை அந்த மனுஷன் கத்தரிக்கோலும் பசையும் வச்சுச் செஞ்சிருக்கார்! (கைதட்டல்) அந்தக் கல்வெட்டு முழுசையும் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படிச்சு அச்சுல கொண்டு வர்றதுக்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. தனக்கு ஒரு எழுத்தும் புரியாத மொழியை, "பின்னாடி படிக்கத் தெரிஞ்சவன் வருவான்"னு நம்பி எடுத்து வச்ச ஆள் அவர். எனக்கு அந்த நம்பிக்கை பிடிச்சிருக்கு. சரி, அவருக்கு என்ன பரிசு கிடைச்சுது தெரியுமா? "இது ரொம்ப ஆடம்பரச் செலவு"ன்னு கவர்னர் டிரெவிலியன் அந்த வேலையையே நிறுத்திட்டார். கல்யாண வீட்டுல போட்டோகிராபர் பில்லைத்தான் கடைசியில குறைப்பாங்க. அந்தப் பழக்கம் 1859-லேயே இருந்திருக்கு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: கல்யாண வீட்டுக்காரங்க யாராவது பாக்கி வச்சிருந்தா இப்பவே வெளியே போயிடுங்க. (சிரிப்பு)

இப்போ என் கட்சியோட முக்கியமான சாட்சியைக் கூப்பிடறேன், நடுவர் அவர்களே. இந்தச் சாட்சி சாட்சாத் நடராஜர்.

அரியலூர் மாவட்டத்துல ஸ்ரீபுரந்தான்னு ஒரு ஊர். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில். அதுல இருந்த ஐம்பொன் நடராஜர் 2006-ல் திருட்டுப் போனார். கடல் தாண்டி, கை மாறி, பொய்யான கிரயப் பத்திரமெல்லாம் தயாராகி, 2008-ல் ஆஸ்திரேலியாவுல கான்பெராவில் இருக்கற தேசியக் கலைக்கூடம் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க. சரி, "அது எங்க சாமி"ன்னு நாம எப்படிச் சொல்றது? ஊர்ப் பெரியவர், "எனக்குத் தெரியும்யா, சின்ன வயசுலேர்ந்து கும்பிட்ட முகம், என் மனசுல இருக்கு"ன்னு சொன்னா, எதிரணி கைதட்டுவீங்க. கோர்ட்டு கைதட்டுமா? "மனசை எக்சிபிட் நம்பர் ஒண்ணாத் தாக்கல் பண்ணுங்க"ன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? (கைதட்டல்)

பாண்டிச்சேரியில பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்னு ஒரு ஆராய்ச்சி நிலையம், 1955-லேர்ந்து இருக்கு. அவங்க ஒரு வேலை செஞ்சாங்க. தமிழ்நாட்டுல ஊர் ஊராப் போய், பெரிய கோயில் சின்னக் கோயில் பார்க்காம, சிலைகளை, தூண்களைப் படம் எடுத்து, ஊர்ப்பேர், வருஷம் போட்டு அடுக்கி வச்சாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள். அழகுக்காக எடுத்ததில்லை. கண்காட்சிக்கு வைக்கலை. எங்க பாஷையில சொன்னா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாதிரி, நேரா நிறுத்தி எடுத்தது. அந்த அடுக்குல 1994-ல் எடுத்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் படம் இருந்தது!

நம்ம ஐம்பொன் சிலைக்கு ஒரு விசேஷம் உண்டு. மெழுகுல உருவம் செஞ்சு, மேலே மண் பூசி, சூடு பண்ணி மெழுகை ஓட்டிட்டு, அந்த இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. ஆறின பிறகு மண் அச்சை உடைச்சாத்தான் சிலை வெளியே வரும். அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். ரெண்டு நடராஜர் ஒரே மாதிரி இருக்கவே முடியாது. திருவாசியில தீச்சுடர் வளைஞ்ச விதம், வார்க்கும்போது விழுந்த சின்னக் குழி, தேய்ஞ்ச இடம், எல்லாமே அங்க அடையாளம் மாதிரி. மியூசியம் படத்தையும் பாண்டிச்சேரி படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. அதே மூர்த்தி! 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், டெல்லிக்கு வந்தப்போ நம்ம பிரதமர்கிட்டே அவரை ஒப்படைச்சார். கூடவே, சிட்னி கலைக்கூடத்துல இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். (பலத்த கைதட்டல்)

படம் இல்லாத சாமி பட்ட பாட்டையும் சொல்லணும். பத்தூர் நடராஜர். 1976-ல் மண்ணுக்குள்ளேயிருந்து கிடைச்சவர், அதனால ஏற்கெனவே எடுத்த படம் இல்லை. லண்டன் கோர்ட்டு வரைக்கும் வழக்கு. நம்ம தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி கூண்டுல ஏறி, சாத்திரம், சிற்பம், செம்பு எல்லாம் விளக்கிச் சாட்சி சொன்னார். ஜெயிச்சு, 1991-ல் தான் திரும்பி வந்தார். பதினைஞ்சு வருஷம்! எவ்வளவு அறிவு, எவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது பாருங்க. ஸ்ரீபுரந்தான்ல அந்த வேலையில பாதியை, 1994-ல் யாரோ ஒரு போட்டோகிராபர் அமுக்கின ஒரு பட்டன் செஞ்சு முடிச்சுடுச்சு. அன்னைக்கு அவர் சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு அந்தக் கோயிலை விட்டுட்டுப் போயிருந்தா? என் தொழில்ல இருக்கறவன் எனக்கு அது அடிக்கடி ஞாபகம் வரும்.

எதிரணிக்கு ஒண்ணு நான் ஒத்துக்கணும். நான் வக்கீல் இல்லை, போட்டோகிராபர், இருக்கறதை எடுக்கணும். இன்னைக்கு ஒவ்வொருத்தர் போன்லயும் ஐயாயிரம் படம் இருக்கு. இட்லியைப் படம் எடுக்கறோம். ஆறிப்போன இட்லியைச் சாப்பிடறோம். (சிரிப்பு) கர்ப்பக்கிரகத்துல தீபாராதனை காட்டினா, கையைக் கூப்பறதுக்குப் பதிலா போனைத் தூக்கறோம். அப்படி எடுத்ததைத் திரும்பப் பார்க்கறோமா? போன் தண்ணில விழுந்தா போச்சு, ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் 'டக்டக்'னு சத்தம் போட்டு நின்னா போச்சு. 'மனசுல பதிய நேரம் கொடுக்கலை'ன்னு சகோதரி சொன்னாங்களே, அது சரி. அதுக்கு மாத்து, படத்தை விட்டுடறது இல்லை. ஒழுங்கா வைக்கறது.

2015 டிசம்பர் மழை வெள்ளத்துக்கு அப்புறம் என் கடைக்கு வந்தவங்க பேங்க் பாஸ்புக்கைக் கொண்டு வரலை, ஃபிரிட்ஜைப் பத்திப் பேசலை. நனைஞ்ச கல்யாண ஆல்பத்தை, குழந்தையைத் தூக்கற மாதிரி துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு வார்த்தை சொல்றேன், யாருக்காவது உதவும். நனைஞ்ச படங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் காய விடாதீங்க, காய்ஞ்ச பிறகு பிரிச்சா முகம் உரிஞ்சு வந்துடும். ஈரமா இருக்கும்போதே சுத்தமான தண்ணியில மெதுவா அலசி, முகம் மேல பார்க்க, நிழல்ல தனித்தனியாக் காய வைங்க. அயர்ன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளைப் படம் வெள்ளி, தாக்குப் பிடிக்கும். கலர்ப் படம் சாயம், வெயில் பட்டா வெளுக்கும். ஹால்ல ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாதீங்க.

இன்னும் ஒண்ணு. இதுதான் பெரிசு. பின்னால பேர் எழுதுங்க! பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மெத்துன்னு இருக்கற பென்சிலால ஊர், வருஷம், இடமிருந்து வலம் யார் யாருன்னு எழுதுங்க. எங்க மாவட்டத்துல அத்திரம்பாக்கம்னு ஒரு ஊர், பூண்டி பக்கம். 1863-ல் புரூஸ் ஃபூட்னு ஒரு புவியியல்காரர் அங்கே கற்கோடரிகள் எடுத்தார். நம்ம சாந்தி பப்பு அம்மா குழுவினர் தோண்டி ஆராய்ஞ்சு, 15 லட்சம் வருஷத்துக்கு முந்தினதுன்னு 2011-ல் உலகத்துக்குச் சொன்னாங்க. அந்தக் கல்லை நான் கடையில வச்சா அது வெறும் கல்லு. எங்கே கிடைச்சுது, எந்த மண் அடுக்குல கிடைச்சுதுன்னு எழுதி வச்சதாலதான் அது சரித்திரம். பழவேற்காட்டுக் கல்லறையும் அப்படித்தான், பேர் இருக்கு. நம்ம வீட்டுப் படத்துல? என் கடையில ஒரு அட்டைப் பெட்டி இருக்குங்க. பிரேம் போடக் கொடுத்துட்டு வாங்க வராதவங்க படம். பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி, மடியில குழந்தை. யாருன்னு எழுதலை. தூக்கிப் போடவும் எனக்கு மனசு வரலை, யார்கிட்டே கொடுக்கறதுன்னும் தெரியலை.

நேரம் ஆகுது, மணியைத் தொடறாங்க. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன் ஐயா.

நடுவர்: சொல்லுங்க, சொல்லுங்க.

நீங்க சென்னையில குடிக்கற பூண்டித் தண்ணீர் இருக்கே, அந்த ஏரி 1944-ல் கட்டி முடிச்சது. சத்தியமூர்த்தி சாகர். கொசஸ்தலை ஆத்தை மறிச்சுக் கட்டினாங்க. தண்ணிக்குக் கீழே நிலம் போச்சு, வீடு போச்சு. பாடல் பெற்ற தலம் திருவெண்பாக்கம் கோயிலே முழுகற இடத்துல இருந்ததால, மேட்டுக்குக் கொண்டு வந்து வச்சாங்க. சுந்தரர் கண் பார்வை போய், அங்கே வந்து கண்ணைக் கேட்டார். சாமி கண்ணைக் கொடுக்கலை, ஊன்றுகோல் கொடுத்தார். அதனால ஊன்றீஸ்வரர்.

2003, 2004-ல் சென்னை ஏரியெல்லாம் வறண்டுச்சே, அந்தச் சமயம். எங்க ஊர்ல மகள் வீட்டுல இருந்த ஒரு பாட்டி என் கடைக்கு வந்தாங்க. எழுபது தாண்டின வயசு. "தம்பி, நான் பொறந்த வீட்டைப் படம் புடிச்சுத் தரணும்"னாங்க. "அதுக்கென்ன பாட்டி, எங்கே இருக்கு?"ன்னேன். "பூண்டி ஏரிக்குள்ள"ன்னாங்க. பன்னிரண்டு வயசுல மூட்டை கட்டிக்கிட்டுப் போனவங்க. "தண்ணி வத்திப் போச்சாமே, இப்போ போனா தெரியும்"னு சொல்றாங்க. அவங்க வீட்டுல யாரும் நம்பலை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனா அந்த முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்ல வரலை. பேரனையும் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல போனோம்.

அங்கே என்ன இருக்கும்? அறுபது வருஷ வண்டல். பாளம் பாளமா வெடிச்ச மண்ணு, கண்ணுக்கு எட்டின வரைக்கும். ஒரு செங்கல் இல்லை. நான் கேமராவைத் தூக்கவே இல்லை. பாட்டி செருப்பைக் கழட்டிட்டு நடந்தாங்க. ஒரு இடத்துல நின்னாங்க. கரையைப் பார்த்தாங்க, தூரத்து மலையைப் பார்த்தாங்க, ரெண்டடி தள்ளி நின்னாங்க. "இது வாசல். இங்கே தொழுவம். இது வேப்பமரம், இதுல தான் ஊஞ்சல். அதோ அங்கே எங்க அக்காளைப் பொண்ணு பார்க்க வந்தப்போ பாய் போட்டாங்க"ன்னு ஒவ்வொண்ணாக் கையை நீட்டிச் சொல்லிட்டே போறாங்க. பேரன் போன் பார்க்கலை, அப்போ போன் அவ்வளவா கிடையாது. வாயைத் திறந்துக்கிட்டுக் கேக்கறான்.

பார்த்தீங்களா, வீடு மனசுலதான் இருக்குன்னு எதிரணி எழுந்திரிக்கறாங்க. உட்காருங்க சார், நான் முடிக்கலை. (சிரிப்பு) மனசுலதான் இருந்தது. அறுபது வருஷமா ஒருத்தருக்கும் தெரியாம இருந்தது. அவங்க பெத்த பொண்ணுக்குக்கூட ஊஞ்சல் கதை தெரியாது. படம் எடுக்கணும்னு வந்ததாலதான் வெளியே வந்தது. படம் கண்ணு இல்லீங்க, நானும் ஒத்துக்கறேன். ஊன்றுகோல்.

அன்னைக்கு நான் பதினொரு படம் எடுத்தேன். எல்லாத்துலயும் மண்ணுதான். மண்ணு, நீட்டின ஒரு கை, பின்னாடி தூரத்துல மலை. கழுவிக் கொண்டு போய்க் கொடுத்தப்போ பாட்டி ஒவ்வொண்ணாத் திருப்பி, பேரனை எழுதச் சொன்னாங்க. 'வாசல்'. 'தொழுவம்'. 'ஊஞ்சல் மரம்'. 'அக்காளைப் பொண்ணு பார்த்த இடம்'. பென்சில்ல. மூணு வருஷம் கழிச்சு அவங்க காலமானாங்க. பேரன் இப்போ கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். போன வருஷம் அவன் தன் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வந்தான். அஞ்சு வயசு இருக்கும். அந்த ஊஞ்சல் மரம் படத்தைப் பெரிசு பண்ணிக் கேட்டான். அந்தக் குழந்தை வெறும் மண்ணைப் பார்த்துட்டு என்கிட்டே கேக்குது, "அங்கிள், ஊஞ்சல் எந்தப் பக்கம் ஆடும்?"

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் ஐயா, தீர்ப்பு எப்படி வந்தாலும் முடிஞ்சதும் எல்லாரும் மேடையில நில்லுங்க, குரூப் போட்டோ எடுக்கணும். எதிரணியும் வரணும். பின்னால உங்க பேரை நான் எழுதிக்கறேன்.

(நீண்ட கைதட்டல்)